சுவரின் தலையைச் சுற்றி வரும் சத்தம்

"நெடுஞ்சாலை ஓரம் ஒலித்தடுப்புச் சுவர் கட்டுவது பொறியாளர் வேலை. அதற்கு எதற்குக் குடியிருப்பவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதில் சுவரின் மேல் விளிம்பில் இருக்கிறது.

கனமான சுவரின் ஊடே சத்தம் அதிகம் நுழையாது, சரி. ஆனால் விளிம்பைத் தொட்ட அலை வளைந்து மறுபக்கம் இறங்கிவிடும். பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான். ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது, அதனால் அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் சுமார் 68 செ.மீ.; லாரியின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கோ 3.4 மீட்டர். ஆகவே ஒலியின் நிழல் மங்கல், உறுமலின் நிழல் இன்னும் மங்கல்.

சுவரின் தலையைச் சுற்றி வர ஒலி எவ்வளவு கூடுதல் தூரம் போகிறதோ, அந்த அளவுக்கு நிழல் ஆழமாகும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 4 மீட்டர் சுவர். ஒரு பக்கம் 10 மீட்டரில் வண்டி, மறுபக்கம் 10 மீட்டரில் வீடு. டயர் சத்தம் அரை மீட்டர் உயரத்தில் கிளம்புகிறது. கீழ்த்தளத்தில் நிற்பவரின் காதுக்கு 88 செ.மீ. சுற்று. முதல் மாடியில் அதுவே 21 செ.மீ. இரண்டாம் மாடியில் காதும் சுவர் உச்சியும் டயரும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். சுற்றே இல்லை, குறைவது சுமார் 5 டெசிபல்தான். சத்தம் பாதியானதுபோல் காதுக்குப் பட 10 டெசிபல் குறைய வேண்டும்.

ஒரே கட்டடம், மூன்று பலன். கீழே இருப்பவருக்கு நிம்மதி, ஆனால் ஜன்னலுக்கு எதிரே சுவர். மேலே இருப்பவருக்குப் பெரிய மாற்றம் இல்லை. இதில் எது யாருக்குப் பெரிது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அமெரிக்கக் கூட்டரசு விதி, குறைந்தது 5 டெசிபல் பலன் பெறும் வீடுகளின் உரிமையாளர்களிடம் மட்டுமல்ல, அங்கே வசிப்பவர்களிடமும் கருத்துக் கேட்கச் சொல்கிறது. மிகச் சரி. ராத்திரி தூக்கம் கெடுவது வாடகைக்கு இருப்பவருக்குத்தானே!

அப்புறம், சுவரின் இரு முனைகளையும் ஒலி சுற்றி வரும். வீட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப்போல் நான்கு மடங்கு, இருபுறமும் சுவர் நீள வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நடுவில் ஆள் போக இடைவெளி விட்டால் சத்தமும் அதே வழியே வரும். மக்கள் தினமும் எங்கே கடக்கிறார்கள், எந்த ஏற்றத்தில் லாரிகள் கியர் மாற்றி உறுமுகின்றன என்பதெல்லாம் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் தெரியும். வரைபடம் முடிந்தபின் கூட்டம் போட்டால் இதைச் சொல்லியும் பயனில்லை.

கூட்டத்தில் டெசிபல் அட்டவணையை நீட்டுவதும் போதாது என்பது என் கருத்து. சுவர் இருந்தால் எப்படிக் கேட்கும், இல்லாவிட்டால் எப்படிக் கேட்கும் என்று கணினியில் உருவாக்கி, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஹெட்ஃபோனில் போட்டுக் காட்ட முடியும். சுவருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. அதைக் கேட்டபின் மக்கள் கை தூக்கட்டும்.