குவைத்தில் குழந்தை பார்க்கும் வேலை: விமானம் ஏறும் முன் சரிபார்க்க வேண்டியவை

"ரெண்டு பிள்ளைங்கள மட்டும் பாத்துக்கிட்டா போதும்மா, சமையலுக்கு வேற ஆள் இருக்கு." குவைத்துக்கு ஆள் எடுக்கும் முகவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் குவைத் சட்டத்தில் குழந்தை பார்ப்பவர், சமைப்பவர், வீட்டு டிரைவர் எல்லோரும் ஒரே வகைதான்: வீட்டுத் தொழிலாளி. விசாவும் ஒன்றுதான், 20-ஆம் எண் விசா. நம் ஊர்க்காரர்கள் இதைக் காதிம் விசா என்பார்கள். குழந்தை பார்ப்பதற்கென்று தனி விசா கிடையாது. ஆகவே 'பிள்ளை பார்க்க மட்டும்' என்ற வாக்குறுதி எழுத்தில் இருந்தால்தான் நிற்கும். இல்லையென்றால் பிள்ளையோடு பாத்திரமும் இஸ்திரியும் மூன்று மாடி மாப் போடுவதும் உங்கள் வேலைதான்.

அச்சடித்த ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை என்று முகவர் சொல்லலாம். அப்படியானால் அந்த வீட்டு அம்மாவிடம் வீடியோ காலில் நேரடியாகப் பேசுங்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, இரவில் கைக்குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது, நீங்கள் எந்த அறையில் படுப்பது, வீட்டில் வேறு பணியாளர் உண்டா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவோ குரல் பதிவாகவோ வாங்கி வையுங்கள். இரவுக் கேள்விதான் முக்கியம். குழந்தையோடு ஒரே அறையில் படுக்க வைத்துவிட்டால் பகல் வேலை முடிந்த பிறகும் வேலை முடியாது. அந்தத் தூக்கக் குறைவில்தான் பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதும் பிள்ளையைக் கை தவற விடுவதும் நடக்கும்.

அடுத்தது பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது வேலைக்குப் போகும் முன் அரசின் சரிபார்ப்பு தேவைப்படும் வகை. குவைத் உட்பட 18 நாடுகளுக்கு இந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016 முதல் இத்தகைய பெண்களை வீட்டு வேலைக்கு எடுக்கும் பொறுப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். எனவே 27 வயதுப் பெண்ணை "வயசக் கூட்டிப் போட்டுக்கலாம்" என்று அழைக்கிற தனியார் முகவர் முதல் நாளிலேயே சட்டத்தை மீறச் சொல்கிறார். கூட்டிப் போட்ட வயது பிறகு காப்பீடு கேட்கும்போதும் வழக்கு வரும்போதும் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. இது சலுகை போலத் தெரிந்தாலும் எங்கள் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான். ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. அவர் எந்த வீட்டுக்குப் போனார் என்பது அரசுப் பதிவிலேயே இருக்காது. ஆகவே தேறியவர்களும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தாங்களாகவே பதிந்துகொள்வது நல்லது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

பெண்கள் அதிகம் சிக்குவது விசிட் விசாவில்தான். "டூரிஸ்ட் விசாவுல துபாய் போயிருங்க, அங்க மாத்திக்கலாம். ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரங்களப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க." அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லித் தருகிற எந்தப் பயணத்துக்கும் கிளம்பாதீர்கள். விசிட் விசாவில் இறங்கியவருக்கு அந்த நாட்டின் பார்வையில் வேலையே கிடையாது. வேலை இல்லையென்றால் சம்பளப் பாக்கி என்று புகார் கொடுக்க வழியும் இல்லை. நாள் முடிந்ததும் அபராதம் ஏறத் தொடங்கும். துபாயில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சாலை வழியாக ஓமானுக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோய் வேறொரு வீட்டில் விடுவதும் நடக்கிறது. முகவர் இரண்டு விசாத் தாள் கொடுத்து, "இத இங்க காட்டு, அத அங்க காட்டு" என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை.

பணம் பற்றி: பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது கட்டாயம். குவைத்தில் உள்ள ஆள் எடுக்கும் அலுவலகங்கள் வீட்டுத் தொழிலாளியிடம் பணம் வாங்க அந்த நாட்டுச் சட்டமே தடை போடுகிறது. செலவு முதலாளியுடையது. நகையை அடகு வைத்து ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கட்டிவிட்டுப் போகிறவர், அங்கே எவ்வளவு மோசமாக நடத்தினாலும் கடன் தீரும்வரை வாய் திறக்க முடியாமல் தவிப்பார். சம்பளத்தை ரூபாயில் பேசாதீர்கள், தினாரில் எழுதச் சொல்லுங்கள். 2016-இல் குவைத் வீட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளமாக 60 தினார் வைத்தது. அதற்குக் கீழே எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

குவைத்தின் வீட்டுத் தொழிலாளர் சட்டம் 2015-இன் 68-ஆம் எண் சட்டம். ஒரு நாளில் அதிகபட்சம் 12 மணி நேர வேலை, அதுவும் இடையிடையே ஓய்வோடு. வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. ஆண்டுக்கு 30 நாள் சம்பள விடுப்பு. சம்பளம் தாமதமானால் மாதத்துக்கு 10 தினார் கூடுதலாகத் தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட்டையோ பத்தாக்கா எனும் குவைத் அடையாள அட்டையையோ முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் 'சம்மதம்' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. வந்த அன்றே அரபியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், தமிழிலோ இந்தியிலோ அதன் பொருள் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் கிளம்பும் முன்பே போட்டோ எடுத்து வீட்டார் இருவரின் போனுக்கு அனுப்பி வையுங்கள்.

முதல் ஆறு மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாளி ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குப் பெரிய தொகை கட்டியிருப்பார். ஆறு மாதத்துக்குள் நீங்கள் வேலை செய்ய மறுத்தால் அலுவலகம் அதைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே "இந்த வீடு வேண்டாம்" என்று அலுவலகத்துக்குப் போனால், அங்கே மிரட்டித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சம்பளம் தராமை, அடி, பூட்டி வைத்தல் போன்றவற்றுக்கு அலுவலகத்தை நம்பியிருக்காதீர்கள். நேராக இந்தியத் தூதரகத்தையோ குவைத் அரசின் மனிதவள ஆணையத்தில் உள்ள வீட்டுத் தொழிலாளர் பிரிவையோ அணுகுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இன்னொரு வீட்டில் பதுங்கி வேலை செய்வது மட்டும் வேண்டாம். நீங்கள் ஓடிப்போனதாக முதலாளி புகார் கொடுத்துவிட்டால் அக்காமா எனும் தங்கும் அனுமதி போய்விடும். பிறகு பாதிக்கப்பட்டவரே சட்டத்தை மீறியவராகிவிடுவார்.

இனி பிள்ளை வேலை. சொந்தப் பிள்ளைகளை வளர்த்த அனுபவம் பெரிய பலம்தான். ஆனால் அங்கே சில பழக்கங்களை விட வேண்டும். வசம்பு, ஓமத் தண்ணீர், மூக்கில் எண்ணெய் எதுவும் தாயைக் கேட்காமல் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது. பவுடர் பால் கரைக்கும் தண்ணீர் கொதித்து அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கரைத்த பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த பாலைக் கொட்டிவிடுங்கள். பவுடர் அளவை டப்பாவில் உள்ள கரண்டியால் தலை தட்டி எடுங்கள். சிக்கனம் என்று நீர்க்கக் கரைத்தால் பிள்ளை எடை குறையும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். அழுகிறதென்று உலுக்கவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். கோடையில் வெயில் 50 டிகிரியைத் தொடும் ஊர் அது. நிறுத்திய காரில் பிள்ளையை ஒரு நிமிடமும் விடாதீர்கள்.

பிள்ளை விழுந்தாலோ காயம் பட்டாலோ உடனே தாய்க்குப் போட்டோவோடு செய்தி அனுப்புங்கள். மறைத்த சின்ன வீக்கம் மாலையில் பெரிய பழியாகும். பிள்ளையின் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். ரமலானில் வீடு இரவெல்லாம் விழித்திருக்கும், பிள்ளைகளும் கூடவே. அந்த மாதத்தில் பகல் ஓய்வை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது அங்கே குற்றம்.

பெட்டியில் கசகசா வேண்டாம். வளைகுடாவில் அது போதைப்பொருள் வழக்கில் கொண்டுபோய் விடும். மருந்துகளை டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம் எதையும் வாங்காதீர்கள்.

இங்கே வீட்டாரிடம் இருக்க வேண்டியவை: பயணத் தேதி, முதலாளி பெயர், அவர் போன் எண், வீட்டுப் பகுதி, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. மத்திய அரசின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் குடும்பத்தார் புகார் பதியலாம். அங்கே நீங்கள் ஒரு சின்ன நோட்டில் மாதம், தேதி, வாங்கிய தினார், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது எண் எழுதி வாருங்கள். ஒப்பந்தம் முடியும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. அதைப் பெரும்பாலான பெண்கள் கேட்பதே இல்லை. "எல்லாம் வாங்கிக்கொண்டேன்" என்ற தாளில், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் கையெழுத்து வாங்குவார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் பேசுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.