வைட்டமின் குறைபாடா, உயிர்ச்சத்துப் பற்றாக்குறையா?

வளரும் நாடுகளின் தாய்சேய் நலம் பற்றித் தமிழில் வரும் கையேடுகளில், வைட்டமின் போதாமையைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. சொல்லோடு நின்றுவிடாமல் குழந்தையின் கண் வரை போகிற தவறு.

பெயர் வரலாறு சிறியது. 1912இல் காசிமிர் ஃபங்க், உயிரைக் குறிக்கும் லத்தீன் ‘வீட்டா’வோடு, ஒருவகை நைட்ரஜன் சேர்மங்களைக் குறிக்கும் ‘அமைன்’ என்ற வேதிப்பெயரை ஒட்டி ‘vitamine’ என்றார். அவற்றில் சில அமைன்களே அல்ல என்று தெரிந்த பின், 1920இல் ஜாக் டிரம்மண்ட் ஈற்றெழுத்தான ‘e’யை நீக்கினார். வைட்டமினுக்கு நாம் சொல்லும் ‘உயிர்ச்சத்து’க்கு அந்தச் சிக்கலே இல்லை.

ஊட்டச்சத்து என்றால் மாவு, புரதம், கொழுப்பு, தாது, உயிர்ச்சத்து எல்லாம் அடங்கும். எடை சரியாக, மேல்கைச் சுற்றளவு 125 மி.மீ.க்கு மேலாக, அதாவது மெலிவு இல்லாமல், இருக்கும் குழந்தைக்கும் உயிர்ச்சத்து ஏ போதாமல் இருக்கலாம். முதலில் மாலைக்கண், பிறகு வெண்விழியில் நுரை போன்ற திட்டு, முற்றினால் கருவிழி இளகிப் பார்வையே போய்விடும். அந்தத் தாயிடம் ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்றால் உணவின் அளவைக் கூட்டுவார். எடை ஏறும், கண் தேறாது. இந்தப் பற்றாக்குறை பரவலாக உள்ள இடங்களுக்கு உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு: 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் அலகு ஒருமுறை, 12 முதல் 59 மாதம் வரை, 4–6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். இதே பெரிய அளவைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது, கரு ஊனமடையலாம். இப்படி ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றைப் பொதுச்சொல்லால் மூடி மொழிபெயர்ப்பது பொறுப்பற்ற வேலை.

‘குறைபாடு’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது உடலில் ஏதோ பழுது என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘குறைவு’ பழுது சொல்லவில்லை, ஆனால் எதைவிடக் குறைவு என்றும் சொல்லவில்லை. பற்றுதல் என்றால் போதுதல். பேச்சில் ‘சத்து பத்தல’ என்கிறோமே, அதுதான். பெண்ணுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலேட் (பி வகை உயிர்ச்சத்து) தேவை, கருவுற்றால் 600. அவர் முன்பு உண்ட அளவே உண்கிறார், எதுவும் குறையவில்லை. தேவை ஏறியதால் பற்றவில்லை. இந்த மூன்று சொற்களில் தேவையோடு ஒப்பிட்டுச் சொல்வது பற்றாக்குறை ஒன்றுதான். தாய்க்குத் தயமின் (உயிர்ச்சத்து பி1) பற்றாதபோது தாய்ப்பாலிலும் அது பற்றாமல் போகும். இரண்டு மூன்று மாதச் சிசுவுக்கு, தயமின் பற்றாததால் வரும் பெரிபெரி நோய் வந்து இதயம் செயலிழக்கலாம். இதைக் ‘குழந்தையின் குறைபாடு’ என்று எழுதினால் தாய்க்குச் சிகிச்சை தர வேண்டும் என்பதே மறைந்துவிடும்.

இரும்பையும் அயோடினையும் உயிர்ச்சத்துப் பட்டியலில் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவை தாதுக்கள், இரண்டு வகைக்கும் பொதுவாக ‘நுண்சத்து’ இருக்கிறது. சோகை என்றவுடன் ‘இரும்புச்சத்துக் குறைபாடு’ என்று எழுதுவதும் இதே அவசரம்தான். ஃபோலேட் பற்றாவிட்டாலும் பி12 பற்றாவிட்டாலும் சோகை வரும். பி12 பற்றாதவருக்கு ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தெரியும், நரம்புச் சிதைவு உள்ளே தொடரும். அதனால் எது பற்றவில்லையோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ‘பி12 பற்றாக்குறை’, ‘உயிர்ச்சத்து ஏ பற்றாக்குறை’.