புல்மோட்டை பஸ்ஸும் ஒரு நிறுவலும்

ஒரு கணினிச் செய்நிரல் சரிதானா என்று பார்க்க நாம் வழக்கமாக அதை ஓடவிட்டுப் பார்ப்போம். பத்துக் கேள்விக்குச் சரியான விடை வந்தால் நம்பிவிடுவோம். பதினோராவது கேள்விக்கு என்ன வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். உண்மைகளையும் விதிகளையும் மட்டும் எழுதிவைத்து, விடையைக் கணினியே தேடும்படி விடுகிற தருக்கச் செய்நிரல்களில் வேறொரு வழி உண்டு: ஓடவிடாமல், வரிகளை வாசித்தே அவை சரி என்று நிறுவலாம்.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1972 அளவில் பிரான்சின் மார்சேயில் பிறந்த புரோலாக் மொழியின் பாணியில், தமிழில் எழுதினால்:

நேர்வழி(திருகோணமலை, உப்புவெளி).
நேர்வழி(உப்புவெளி, நிலாவெளி).
நேர்வழி(நிலாவெளி, குச்சவெளி).
நேர்வழி(குச்சவெளி, புல்மோட்டை).
போகலாம்(அ, ஆ) :- நேர்வழி(அ, ஆ).
போகலாம்(அ, ஆ) :- நேர்வழி(அ, இ), போகலாம்(இ, ஆ).

நேர்வழி என்றால் இரண்டாவது ஊர் அடுத்த தரிப்பிடம். அ, ஆ, இ எந்த ஊராகவும் இருக்கலாம். ':-' குறிக்கு வலப்பக்கம் உள்ளவை எல்லாம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை.

இது பிழையான விடை தராது என்று எப்படி நிறுவுவது? முதலில் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: இரண்டாவது ஊர் முதலாவதற்கு வடக்கே இருக்கவேண்டும். அப்புறம் ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். முதல் நான்கும் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். ஐந்தாவதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆறாவது: இ, அ-வுக்கு வடக்கே, ஆ, இ-க்கு வடக்கே, அப்படியானால் ஆ, அ-வுக்கும் வடக்கே. முடிந்தது. கணினி எந்த வரியை எப்போது எடுக்கும் என்று நாம் கேட்கவே இல்லை. யாராவது நேர்வழி(திருகோணமலை, கிண்ணியா) என்று சேர்த்தால், நிறுவல் அந்த ஒரு வரியில்தான் இடறும், கிண்ணியா தெற்கே. பிழையைத் தேடி அலையவேண்டியதில்லை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் ஒரு விடையும் தராத செய்நிரல்கூட இந்தச் சோதனையில் தேறிவிடும்! பிழையாக அது எதையும் சொல்லவில்லையே. ஆகவே, வரவேண்டிய விடைகள் எல்லாம் வருகின்றனவா என்று தனியே நிறுவவேண்டும். அதற்கு அளவுகோல் வேறு. யாழ்ப்பாணமும் வடக்கேதான், ஆனால் இந்த பஸ் அங்கே போகாது; நமக்கு வேண்டியது இந்தப் பாதையில் முன்பின்னாக வரும் ஊர்ச்சோடிகள் மட்டும். அடுத்தடுத்த ஊர்கள் என்றால் ஐந்தாவது வரி போதும். தள்ளியிருந்தால் அடுத்த தரிப்பிடத்தை இ என்று வைத்தால் ஆறாவது வரி பொருந்தும். மீதித் தூரமும் ஒரு தரிப்பிடம் குறையும். குறைந்துகொண்டே போவதால் தேடல் எங்கோ முடிந்தாகவேண்டும்.

தேடல் முடியுமா என்பதுதான் சிக்கலான இடம். ஆறாவது வரியில் வலப்பக்கத்து இரண்டையும் இடம்மாற்றி, போகலாம்(இ, ஆ), நேர்வழி(அ, இ) என்று எழுதிப் பாருங்கள். தருக்கப்படி பொருள் அதேதான். பிழையான விடை வராது என்ற நிறுவலில் ஒரு சொல்லும் மாறாது. ஆனால் புரோலாக் இடமிருந்து வலமாகப் போகும். புல்மோட்டைக்குப் போகும் ஊர்கள் எல்லாவற்றையும் கேட்டால், நான்கையும் சொல்லிவிட்டு, ஐந்தாவதைத் தேடி 'போகலாம்' என்பதற்குள்ளேயே மறுபடி மறுபடி நுழைந்துகொண்டிருக்கும், நினைவகம் தீரும்வரை.