அதிகாரம் இரண்டு கையில் இருந்தால் ஊர் வேலை நிற்குமா? ஒரு தணிக்கையாளரின் குறிப்புகள்

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலேயே கழிந்தது. எந்த ஊராட்சி ஒன்றியத்துக்குப் போனாலும் ரொக்கப் புத்தகத்துக்கு முன்பாகத் தீர்மானப் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்குவேன். தலைவரும் பெரும்பான்மை உறுப்பினர்களும் ஒரே கட்சியாக இருக்கும் ஒன்றியத்தில் அதைப் படித்து முடிக்க அதிக நேரம் ஆகாது. நாற்பது பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும், நாற்பதின் கீழும் 'ஒன்றியக் குழு ஏகமனதாக அங்கீகரிக்கிறது' என்ற ஒரே வரி இருக்கும். பதினொரு மணிக்குத் தொடங்கிய கூட்டம் காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். கட்சிகள் சரிபாதியாகப் பிரிந்து கிடக்கும் ஒன்றியத்திலோ எதிர்ப்புக் குறிப்பு, வெளிநடப்பு, ஒத்திவைப்பு, அடுத்த மாதம் மறுபடியும் அதே பொருள் என்று பக்கங்கள் நிரம்பி வழியும்.

மேலே எந்தக் கட்சியோ கீழேயும் அதே கட்சி இருந்தால்தான் நிதி வரும், வேலை நடக்கும் என்பது கொங்கு நாட்டுக் கிராமங்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. இது முழுக்கப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் தணிக்கை அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால், பெரிய தொகைக்கான தணிக்கைத் தடைகள் (செலவை ஏற்காமல் நாங்கள் எழுதும் ஆட்சேபங்கள்) எழுந்தவை பெரும்பாலும் அந்த ஏகமனதான புத்தகங்களிலிருந்துதான். ஓர் ஒன்றியத்தில் அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே தார்ச்சாலைக்கு, பொது நிதியில் ஒரு முறையும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் மறுமுறையும் மதிப்பீடு தயாராகி, இரண்டுக்கும், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவும் ஏறியிருந்தது. ஒரு பதிவில் சாலை கோயிலில் தொடங்கியது. மற்றதில் அதே கோயிலில் முடிந்தது. அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. பக்கத்து ஒன்றியத்திலும் இதே வகைக் குளறுபடி தொடங்கியது. ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், 'இச்சாலை சென்ற ஆண்டே போடப்பட்டது, பணி ஆணை எண்ணைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டதால், மதிப்பீடு அத்தோடு நின்றுபோனது. அவர் பொதுநலம் கருதித்தான் எழுதினாரா, டெண்டர் தன் மச்சானுக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. தணிக்கைக்கு அது தேவையும் இல்லை.

பிளவுபட்ட அதிகாரத்தின் பெரிய சோதனைக்கூடமாகக் கோவை மாவட்டத்தையே சொல்லலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது, மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின. 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96ஐ தி.மு.க. கூட்டணி வென்றது. பத்தே மாதத்தில் இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள். அதன்பின் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் மேம்பாட்டு நிதியைப் பரிந்துரைத்தது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றாலும், நகருக்குள் அந்த வேலையைச் செய்து முடிக்கவேண்டியிருந்தது ஆளுங்கட்சி மாநகராட்சி. இப்படிப்பட்ட இடங்களில் வேலை நிற்கிறதா என்று கேட்பதைவிட, எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டால் உண்மையான விடை கிடைக்கும்.

கீழ்பவானிப் பாசனப் பகுதியைத் தாண்டி வறண்டு கிடக்கும் அவினாசி, அன்னூர் பக்கத்தார்க்கு அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தின் கதையைச் சொல்லவேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கோரிக்கையாகவே இருந்த அந்தத் திட்டத்துக்கு 2019இல் ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டியது; 2024 ஆகஸ்டில் இன்னோர் ஆட்சி அதைத் திறந்துவைத்தது. பவானி ஆற்றின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் போகவேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெருமை யாருக்கு என்பதில்தான் இருந்தது. அந்த அரை நூற்றாண்டில் சென்னையும் டெல்லியும் ஒத்துப்போன காலமும் உண்டு, மோதிய காலமும் உண்டு. இரண்டு காலத்திலும் தண்ணீர் வரவில்லை.

அதிகாரம் பிரிந்திருந்தாலும் காரியம் நடக்கும் என்பதற்கு, நான் தணிக்கை செய்த அமைப்புகளுக்கு அடித்தளமான சட்டமே நல்ல சான்று. மக்களவையில் 400 இடங்களுக்கு மேல் வைத்திருந்த ராஜீவ் காந்தி அரசு 1989இல் கொண்டுவந்த பஞ்சாயத்துத் திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரடியாகக் கிராமத்தைப் பிடிக்கப் பார்க்கிறது என்ற அச்சம் எதிர்க்கட்சிகளுக்கு இருந்தது. மூன்றே ஆண்டுகளில், தனிப்பெரும்பான்மை இல்லாத நரசிம்ம ராவ் அரசு 1992 டிசம்பரில், ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. பேசி இணங்காமல் ஓர் அடிகூட வைக்கமுடியாத அரசு அது. மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்த இடங்கள் அதில் பல. அதிகாரங்களை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்ற முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டது அவற்றுள் முக்கியமானது. அந்த விட்டுக்கொடுத்தலின் விலையை ஒவ்வோர் ஊராட்சித் தலைவரும் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைத் தனித் துறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதிபரும் நாடாளுமன்றமும் ஒரே கட்சியின் கையில் இருந்த காலத்திலும் பிரிந்திருந்த காலத்திலும் நிறைவேறிய முக்கியச் சட்டங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை என்று, 1946 முதல் 1990 வரை எண்ணிப் பார்த்த டேவிட் மேஹ்யூ என்ற அறிஞர் எழுதினார். நிறைவேறியதை எண்ணிவிட்டீர்கள், தேவையிருந்தும் நிறைவேறாமல் போனதை யார் எண்ணுவது என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி; எங்கள் தொழிலிலும் செலவழித்த பணத்துக்கு வவுச்சர் உண்டு, செய்யாமல் விட்ட வேலைக்கு வவுச்சர் கிடையாது. அமெரிக்காவில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த அரசு முடக்கம், அதிபரும் இரு அவைகளும் ஒரே கட்சியிடம் இருந்தபோதுதான் ஆரம்பித்தது.

இனி, பிரிவினை உண்மையிலேயே ஊரை வாட்டும் இடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் ஒருவர் கைக்குள் அடங்கிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த ஏற்பாடு இது. ஒருவர் ஊரில் இல்லாதபோது, ஊராட்சிக் கூட்டம் அனுமதிக்கும் வேறொரு உறுப்பினர் கையெழுத்திடலாம். ஆனால் ஊரிலேயே இருந்துகொண்டு, ஒருவர் கையெழுத்திட மறுத்தால்?

கோபி வட்டாரத்தில் ஓர் ஊராட்சி. தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. துணைத் தலைவர் ஊரின் பெரிய தோட்டக்காரர். குடிநீர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டிக்கொடுத்த கடைக்காரருக்கு எழுதிய காசோலை, தலைவரின் கையெழுத்து மட்டும் விழுந்த நிலையில், காசோலைப் புத்தகத்திலேயே குண்டூசி குத்திக் கிடந்தது. காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். காலாவதியானதும் அடுத்தது எழுதப்பட்டது, அதுவும் காலாவதியானது. மூன்றாவதை நான் பார்த்தபோது குண்டூசி துருப்பிடித்திருந்தது. விசாரித்தேன். "போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லீங்க, பார்த்துட்டுப் போடறேன்னுதானுங்க சொன்னேன்" என்றார் துணைத் தலைவர், நாற்காலியில் சாய்ந்தபடி. தலைவர் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். கட்சியை வைத்து ஆராய்கிறவர்களின் எந்த அட்டவணையிலும் இந்தப் பிரிவினை ஏறாது.

இத்தகைய இடங்களில் ஒன்றியத்திலும் நகராட்சியிலும் காணாத குறை ஒன்று உண்டு. எதிர்ப்புக் குறிப்பு எழுதும் உறுப்பினர் காரணத்தை எழுதவேண்டியிருக்கிறது, வாக்கெடுப்பு முடிந்ததும் பொருளும் முடிந்துவிடுகிறது. கையெழுத்திடாமல் இருப்பதற்குக் காரணமும் வேண்டாம், கெடுவும் இல்லை. ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவைக் கையில் எடுத்து, கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் அதிகாரத்தை ஒரே கையில் கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கு, அதையும் நாம் பார்த்துவிட்டோம் என்று நினைவூட்டுகிறேன். 2016 அக்டோபருக்குப் பின் தேர்தல் நடக்காமல், பெரும்பாலான கிராம ஊராட்சிகள் 2019 டிசம்பர் தேர்தல் வரையிலும், நகர்ப்புற அமைப்புகள் 2022 பிப்ரவரி வரையிலும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வசம் இருந்தன. சண்டை இல்லை, வெளிநடப்பு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதாலேயே மத்திய நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்திவைத்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல் மக்கள் பட்ட பாடு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எனவே உங்கள் ஊரில் வேலை நின்றால், தலைவர் எந்தப் பக்கம், துணைத் தலைவர் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருக்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலையும், கையெழுத்தாகாமல் கிடக்கும் காசோலைகளின் பட்டியலையும் தேதியோடு கேளுங்கள். கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே நிலுவைக்கான காரணத்தைக் கேட்டு, சொல்லப்படும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொல்லத் தயங்காத காரணத்தை எழுத்தில் கொடுக்கப் பலர் தயங்குவார்கள்.

அந்த மோட்டார்ப் பணம் ஆட்சியரின் உத்தரவுக்குப் பிறகு, ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் தலைவரும் மாறினார், துணைத் தலைவரும் மாறினார். ஆனாலும் அந்த ஊராட்சி வண்டி வந்து நின்றால் மட்டும், முன்பணத்தை எண்ணி மேசையில் வைத்த பிறகுதான் கடைப் பையன் மோட்டாரைக் கீழே இறக்குகிறான்.