கமரசெனெ: காம்பராவில் பிறந்த ஓர் இசைச்சொல்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு லயம் எனப்படும் வரிசை வீட்டில் கிடைக்கும் அறைக்குக் காம்பரா என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்கள் மொழியில் அறை என்றால் காமரா. வடக்கே இந்தியில் அறையைக் கம்ரா என்பதும் அதே வழியில் வந்ததுதான். காமராவுக்குத் தாய், லத்தீனில் உள்ள கேமரா. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் கமாரா, அதாவது வளைந்த கூரை. நம் கையில் இருக்கும் கேமராவும் இந்தக் குடும்பம்தான். இருட்டான அறையின் சுவரில் ஒரு சிறு துளை போட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த ஏற்பாட்டை லத்தீனில் ‘இருண்ட அறை’ என்றார்கள். காலப்போக்கில் ‘இருண்ட’ உதிர்ந்து ‘அறை’ மட்டும் மிஞ்சியது.

ஹங்கேரிக்குப் போன இதே சொல் அங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கம்ரா என்றால் வீட்டில் சாமான் வைக்கும் அறை. கமரா என்றால் வணிகர் அவை மாதிரியான அமைப்பு. செனெ என்றால் இசை. கமராவையும் செனெயையும் சேர்த்தால் கமரசெனெ, ஆங்கிலத்தில் சேம்பர் மியூசிக் என்று சொல்வது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அறையிசை.

சரி, எந்த அறை? 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இசையை அது ஒலிக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள். தேவாலயத்துக்கு ஒன்று, நாடக அரங்குக்கு ஒன்று, பிரபுவின் மாளிகை அறைக்கு ஒன்று. மூன்றாவதற்குத்தான் ‘தா கேமரா’, அறைக்கு உரியது என்று பெயர். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி தேவாலயத்துக்கும் அறைக்கும் தனித்தனியாக சோனாட்டாத் தொகுப்புகள் வெளியிட்டார் (சோனாட்டா என்றால் கருவிகளுக்கென்றே எழுதிய இசை). அடுத்த நூற்றாண்டில் ஹங்கேரிய மண்ணிலேயே, எஸ்டர்ஹாசி இளவரசர்களிடம் 1761 முதல் வேலை பார்த்த இசையமைப்பாளர் ஹைடன், நாலு பேர் வாசிக்கும் தந்தி நால்வர் இசையை ஒரு பெரிய கலையாக வளர்த்தெடுத்தார். அப்புறம் கச்சேரி மண்டபங்கள் வந்தன, இந்த இசையும் மேடை ஏறியது. அறை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. இன்று கமரசெனெ என்றால் இடத்தைக் குறிப்பதில்லை, ஒரு முறையைக் குறிக்கிறது. சில பேர் மட்டும் வாசிப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் எழுதிய பங்குக்கு ஒரே ஒரு ஆள். நடுவில் கோல் பிடித்து நடத்த யாரும் கிடையாது. வாசிப்பவர் ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துத் தொடங்க வேண்டும்.

ஆனால் ஹங்கேரியில் அறை முழுக்கப் போய்விடவில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் கதை அதற்குச் சாட்சி. (அவர் பெயரை ‘கோடாலி’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஹங்கேரிய எழுத்தில் ‘லி’ போலத் தெரிவதை அங்கே ‘ய்’ என்று உச்சரிப்பார்கள்.) 1882இல் கெச்கெமேத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பவர். வீட்டில் நால்வர் இசை வாசிக்க நினைத்தபோது செல்லோவுக்கு, அதாவது வயலின் குடும்பத்தின் பெரிய அடிக்குரல் கருவிக்கு, ஆள் இல்லை. மகன் தானாகவே செல்லோ கற்றுக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். இளவரசரின் மாளிகையில் இருந்த அறை, ஒரு ரயில்வே ஊழியரின் வீட்டுக்கூடமாக மாறிவிட்ட காலம் அது. பின்னாளில் செல்லோவை இவ்வளவு உள்ளிருந்து அறிந்து எழுதியதற்கு அந்தக் கூடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

1905இல் அவர் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல் சேகரிக்கத் தொடங்கினார். இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கும் சேர்ந்துகொண்டார். ஃபோனோகிராஃபில் மெழுகு உருளைகளைப் பொருத்தி விவசாயிகளின் பாட்டைப் பதிவு செய்தார்கள். பழைய ஹங்கேரியப் பாடல்கள் பல ஐந்தே சுரங்களில் நடப்பவை. நம் காதுக்குச் சொல்வதானால் சுத்த தன்யாசியின் ஸ க ம ப நி. பாட்டின் முதல் பாதியில் வந்த மெட்டு பின்பாதியில் ஐந்து சுரம் கீழே இறங்கித் திரும்ப வருவதும் உண்டு. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். அதனால் மெட்டும் ஓங்கித் தொடங்கி மெல்ல அடங்கும். இந்தப் பேச்சு நடையை வயலினுக்கும் செல்லோவுக்கும் கொண்டுவந்ததுதான் கோடாய் செய்த பெரிய காரியம்.

1914 கோடையில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. அந்த நாட்களில் உருவானது வயலினுக்கும் செல்லோவுக்குமான டுவோ, அதாவது இருவர் வாசிக்கும் இசை, ஓப்பஸ் 7 (அவர் படைப்பு வரிசை எண்). புடாபெஸ்ட் மேடை ஏற 1918 ஆகிவிட்டது. வயலின் இம்ரெ வால்ட்பாவர், செல்லோ யெனோ கெர்பெய். 1910இல் கோடாய், பார்டோக் இருவரின் முதல் நால்வர் இசைகளையும் அரங்கேற்றிய குழுவில் இருந்தவர்கள் இவர்கள்.

மூன்று பகுதிகள், மொத்தம் அரை மணிக்குச் சற்றுக் குறைவு. கேட்கத் தொடங்கும்போது தமிழ்க் காதுக்கு ஒரு குழப்பம் வரும். நமக்கு வயலின் என்றால் பக்கவாத்தியம், பாடுபவரின் நிழலாகக் கூடவே போவது. இங்கே யார் பிரதானம், யார் பக்கம் என்று தேடினால் பிடிபடாது. ஒன்று பாடும்போது மற்றது தந்தியைச் சுண்டித் தாளம் காட்டும், அடுத்த நிமிடம் இடம் மாறிவிடும். செல்லோ உச்சிக்குப் போய் வயலினின் குரலில் பாடும். வயலின் தன் அடித்தந்திக்கு இறங்கி நிலம்போலக் கிடக்கும். பியானோ இல்லை, நிரப்பித்தர வேறு யாரும் இல்லை. எட்டுத் தந்தி, இரண்டு வில், அவ்வளவுதான். இரண்டு தந்திகளை ஒரே இழுப்பில் சேர்த்து வாசிக்கும்போது நாலு பேர் இருப்பதாகத் தோன்றும். நடுப்பகுதியின் இருட்டுக்கு நான் இன்னும் பழகவில்லை. போர்க்காலத்தில் ஒருவர் எழுதியது என்பதை அங்கே மறக்க முடியவில்லை.

கருவிகளின் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. செல்லோ என்பது வயலொன்செல்லோவின் கடைத்துண்டு. வயோல் என்பது வில்லால் வாசிக்கும் பழைய தந்திக் கருவி. வயலொனே என்றால் பெரிய வயோல், ‘செல்லோ’ சிறுமையைக் காட்டும் விகுதி. ஆக முழுப்பெயர் ‘சின்னப் பெரிய வயோல்’. நாம் கருவியின் பெயரை விட்டுவிட்டு விகுதியை மட்டும் வைத்து அழைக்கிறோம். ஹங்கேரியர் வயலினை ஹெகெதூ என்பார்கள், செல்லோவை கோர்தோன்கா என்பார்கள். அதிலும் கடைசியில் நிற்கும் ‘கா’ சிறுமை விகுதியே. கோர்தோன் என்றால் பெரிய அடிக்குரல் கருவி, கோர்தோன்கா அதன் தம்பி.

கோர்தோனுக்கு இன்னொரு உறவு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் ஜிமெஷ் என்ற மலைப்பள்ளத்தாக்கு. அங்கே ஹங்கேரியர் வாசிக்கும் கர்தோன் பார்ப்பதற்குச் செல்லோ மாதிரி, மரத்தைக் குடைந்து செய்தது. ஆனால் வில் கிடையாது. குச்சியால் தந்திகளை அடிப்பார்கள், ஒரு தந்தியை இழுத்துவிட்டுச் சொடுக்குவார்கள். வயலினுக்குத் தாளம் அதுதான். பெரும்பாலும் கணவர் வயலின், மனைவி கர்தோன். கல்யாணத்துக்கும் நடனத்துக்கும் இந்த இருவர் போதும். மேடை இசைக்கும் இதற்கும் நேரடி வம்சாவளி சொல்ல வரவில்லை. ஆனால் வயலினும் பெரிய தந்திக் கருவியும் தனியாக நின்றே ஒரு முழு இசையாக முடியும் என்பது, இந்த மொழி பேசும் மக்களுக்குப் புதிய செய்தி இல்லை.

கோடாயின் மாணவர்கள் அந்த வழியில் நடந்தார்கள். மாச்சாஷ் ஷைபர் 1925இல் இதே இரு கருவிகளுக்கு எழுதியதற்கு ‘சோனாட்டா தா கேமரா’ என்றே பெயர் வைத்தார், பழைய இத்தாலிய அறையை நினைவூட்டும்படி. பால் ஹெர்மன் 1902இல் புடாபெஸ்ட்டில் பிறந்த செல்லோ கலைஞர். வயலின் கலைஞர் சோல்தான் சேகெயுடன் சேர்ந்து ஐரோப்பாவெங்கும் வாசித்தார், 1930ஐ ஒட்டி ‘பெரிய டுவோ’ ஒன்று எழுதினார். அவர் யூதர். 1944இல் பிரான்சில் பிடிபட்டு, கிழக்கே பால்டிக் நாடுகளுக்குப் போன ரயிலில் ஏற்றப்பட்டார். திரும்பவில்லை. சேகெய் 2001 வரை வாழ்ந்தார்.

இனி தமிழ்ச் சொல். கமரசெனெக்கு அறையிசை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அறை என்றால் அடிப்பதும் அல்லவா, பறையறைவது, முரசறைவது மாதிரி என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அரங்கிசை என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது அறையிசை இடத்தைத்தான் சொல்கிறது என்று யாருக்கும் புரியும். மூலச்சொல்லும் வெறும் அறையைத்தானே சொல்கிறது?

டுவோதான் சிக்கல். லத்தீனில் இரண்டு என்று மட்டும் பொருள். அதன் உறவான டூயட்டை நம் சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. டூயட் என்றதும் நாயகனும் நாயகியும் மரத்தைச் சுற்றி வருவார்கள். ஜுகல்பந்தி கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அது அந்த நேரத்துக் கற்பனையில் வளர்வது. இங்கே ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. ‘இருவரிசை’ என்று சேர்த்து எழுதினால் இருவர் இசையா, இரண்டு வரிசையா? சரளி வரிசை, ஜண்டை வரிசை பாடிப் பழகிய கண் வரிசை என்றுதான் படிக்கும். ‘இரட்டையர் இசை’ என்றால் உடன்பிறந்தவர்கள் என்று தோன்றும்.

நான் இணையிசை என்று எழுதுகிறேன். இணை என்றால் ஜோடி, இணை என்றால் சமம். செய்யுளில் அடியின் முதல் இரண்டு சீரும் ஒத்து வருவதை இணைத்தொடை என்கிறோம், அந்தப் பழக்கமும் காதில் இருக்கிறது. இணையத்தில் வரும் இசை என்று ஒருவர் அவசரத்தில் படித்துவிடலாம். அதற்குப் பயந்து இந்தச் சொல்லை விட மனமில்லை. துணையிசை என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. துணை என்றதுமே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று ஆகிவிடும். கோடாயின் இரண்டு கருவிகளில் எதுவும் மற்றதற்குத் துணை இல்லை.

செல்லோவைப் பெயர்க்க வேண்டாம், வயலினைப் போல அதுவும் தமிழில் உட்கார்ந்துவிட்டது. ஓப்பஸ் என்றால் படைப்பு. ஆகவே ஹங்கேரியில் ‘துவோ ஹெகெதூரெ ஏஷ் கோர்தோன்காரா’ என்று அச்சிடுவதை நம் கச்சேரி நிரலில் இப்படிப் போடலாம்: கோடாய், வயலின் செல்லோ இணையிசை, படைப்பு 7, 1914.