ஊறினால்தான் படகு

பல வருடம் கொட்டகையில் கிடந்த மர மோட்டார் படகைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். இடுக்குக்கு இடுக்கு தண்ணீர் சீறிக்கொண்டு வரும். புதிதாகப் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். பழகியவர் பம்பை ஓடவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மரம் நன்றாக இருந்தால், ஓரிரு நாளில் கசிவு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

மரத்தை நுண்ணிய குழாய்களின் கட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். குழாய்ச் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் நீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தடிக்கிறது. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீர் ஏறும்வரை இது நடக்கும். அதற்குமேல் வரும் நீர் குழாயின் உள்வெளியை நிரப்புமே தவிர, மரம் மேற்கொண்டு பருக்காது. நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம்; அகலவாக்கில்தான் மாற்றமெல்லாம். 10 சதவீத ஈரத்தில் காய்ந்து கிடந்த 15 செ.மீ. அகல மகோகனிப் பலகை 20 சதவீதத்தை எட்டும்போது அகலத்தில் சுமார் 3 மி.மீ. கூடிவிடும். பக்கத்துப் பலகையும் அப்படியே பருத்து வந்து முட்ட, இடுக்கு மூடிக்கொள்கிறது. இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கும் கலப்பத்து வேலையும் இந்த உப்பலை நம்பித்தான் செய்யப்படுகிறது.

ஆர்வக்கோளாறு கெடுப்பதும் இங்கேதான். காய்ந்த படகில் இடுக்கு அகலமாகத் தெரிகிறதே என்று கெட்டியாக அடைத்துவிட்டால், ஊறும்போது பலகைக்கு விரிய இடம் கிடைக்காது. விளிம்பில் உள்ள குழாய்கள் நசுங்கும், இல்லாவிட்டால் பலகை திருகாணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும். நசுங்கிய மரம் பழையபடி நிமிராது. அடுத்த முறை காயும்போது இடுக்கு முன்பைவிட அகலமாக இருக்கும்.

சரி, தண்ணீர் இவ்வளவு நல்லது என்றால் படகு ஏன் உளுத்துப்போகிறது? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க முங்கிக் கிடக்கும் மரத்தில் காற்று போதாது. ஆகவே மேல்தட்டு வழியாக இறங்கிய மழைநீர் காற்றோட்டமில்லாத மூலைகளில் தேங்குவதுதான் பெரிய ஆபத்து. பின்பலகையின் மூலைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். உளுத்தது, ஊறின ரஸ்க்கில் இறங்குவதுபோல வாங்கிக்கொள்ளும். மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

திருகாணிகள் தனிக் கதை. திருகாணித் தலையை மறைத்திருக்கும் சின்ன மரக்குமிழைத் தோண்டி எடுத்துவிட்டுத் திருப்பினால், சில சமயம் தலை மட்டும் கையோடு வரும். முறிந்த இடம் ரோஜா நிறத்தில் இருக்கும். பித்தளையில் இருந்த துத்தநாகம் நீரில் கரைந்து போய், துளைதுளையாகச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் புதிதாகப் போடுவதற்குச் சிலிக்கான் வெண்கலத் திருகாணியே மேல். அப்புறம், புதுக் குமிழை வார்னிஷ் தடவி வைத்தால் போதும். வலுவான பசை போட்டு ஒட்டினால், அடுத்த தலைமுறையில் இதைத் தோண்டுபவர் நம்மைத் திட்டுவார்.

எல்லாப் பலகையையும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. பலகைகளும் சேர்ந்துதான் படகின் வடிவத்தைத் தாங்குகின்றன. முதலில் அடியிலிருந்து முட்டுக் கொடுத்து, நூல் பிடித்து, தொய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகப் படகின் அடிப்பாகம் பின்பாதியில் நேராக ஓட வேண்டும். அங்கே உட்குழிவு விழுந்தால் ஓடும்போது மூக்கு தண்ணீரில் அழுந்தும்; வெளிப்பக்கம் வளைந்தால் படகு குதித்துக் குதித்துப் போகும். உடைந்த விலாச் சட்டத்துக்குப் பதில் புதியதை நீராவியில் வேகவைத்து வளைக்கலாம். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. நார்களைப் பிணைக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆனால் வெளியே எடுத்தபின் கையில் இருப்பது ஒரு நிமிடம்கூட இல்லை.

அமெரிக்காவின் க்றிஸ் கிராஃப்ட் நிறுவனம் கட்டியவை போன்ற பழைய வேகப் படகுகளில் அடிப்பலகை இரண்டு அடுக்கு; நடுவே பசைக்கலவையில் தோய்த்த கித்தான் துணி. பலர் இப்போது துணியை எடுத்துவிட்டு, ரப்பர்போல் நீளும் பாலியூரிதேன் பசையைப் பரப்பிவிடுகிறார்கள். அசல்தன்மை போயிற்று என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். டிரெய்லரிலேயே காலம் தள்ளும் படகுக்கு அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து, ஊறுவதற்கு அதற்கு நேரம் ஏது? தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குப் பழைய முறையே போதும்.

வார்னிஷ் பூசுவது அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைக்காமல் அதுதான் தடுக்கிறது.

பழைய முறையில் அமைந்த படகை இறக்குவதற்குச் சில நாள் முன்பே உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பிவைப்பது வழக்கம். இறக்கிய பிறகும், படகைத் தூக்கி இறக்கிய பட்டைகளை உடனே அவிழ்ப்பதில்லை. தானியங்கிப் பம்ப் முதலில் நிற்காமல் ஓடும். அப்புறம் விட்டுவிட்டு ஓடும். அந்த இடைவெளி நன்றாக நீண்ட பிறகுதான் பட்டையில் கை வைப்பார்கள்.