இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது: நாயின் காலும் உயிரும்

நாயின் பாதம் ஒன்று திடீரென்று உப்பியிருந்தால், முள் ஏறியிருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் காலைச் சுற்றிலும் முடியை விலக்கிப் பாருங்கள். பாதத்திலிருந்து மேலே, விரல் நுனியால் தடவிக்கொண்டே போங்கள். திருகோணமலையில் மீன்வாடிகள் இருக்கிற கரையோரங்களில் அறுந்த தங்கூசி வலைத் துண்டுகள் மணலில் கிடக்கும். மீன் வாசத்துக்கு அங்கே போகிற நாயின் காலில் அது சுருக்காக விழும்; நாய் இழுக்க இழுக்க இறுகும். நைலோன் நூல் உக்கிப் போகாது, தானாக அவிழாது. வீக்கம் கூடும்போது நூல் தோலுக்குள் புதைந்து, வெளியே மயிரிழை அளவு கோடு மட்டும் தெரியும். வயல்வெளிப் பக்கம் இதே வேலையைப் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி செய்கிறது.

அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். காலுக்கு இரத்தத்தைக் கொண்டுபோகும் நாடிகளின் சுவர் தடிப்பானது, உள்ளே அழுத்தமும் அதிகம். திருப்பிக் கொண்டுவரும் நாளங்கள் மெல்லியவை. சுருக்கு இறுகும்போது நாளங்கள்தான் முதலில் மூடிக்கொள்ளும். உள்ளே வருகிற இரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது, கால் வீங்குகிறது, வீக்கமே சுருக்கை இன்னும் இறுக்குகிறது. கடைசியில் நாடியும் அடைபடும். ஒட்சிசன் கிடைக்காத தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: முதல் நாள் அழுது அனுங்கிய நாய் மூன்றாம் நாள் அமைதியாகிவிடும். நோவு குறைந்துவிட்டது என்று வீட்டார் ஆறுதல் கொள்வார்கள். குறைந்தது நோவு அல்ல, நோவைச் சொல்கிற நரம்பு செத்துவிட்டது. பாதம் குளிர்ந்து, கறுத்து, கிள்ளினாலும் இழுக்காமல் இருந்தால் அதைக் குணமாக எண்ணக் கூடாது.

நூல் சுற்றி ஒரு நாளுக்குள் கண்டுபிடித்தால், முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு அன்றே மிருக வைத்தியரிடம் காட்டலாம். சதைக்குள் புதைந்து கீழ்ப்பகுதி கறுத்திருந்தால் இழுக்க வேண்டாம். நூலுக்கு அருகில் பெரிய குழாய்கள் அரித்துப்போய் நிற்கும். இழுத்தால் இரத்தம் பீறிடலாம். செத்த பகுதியில் தேங்கிய பொட்டாசியமும் நச்சும் ஒரேயடியாக உடம்புக்குள் திரும்பினால் இதயத்தின் துடிப்பே குழம்பும்.

நோய்க்கிருமி தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. நாயின் தோலில் ஸ்டெஃபிலோகொக்கஸ் வகைப் பற்றீரியா எப்போதும் குடியிருக்கிறது. நக்கும்போது வாயிலிருந்து பாஸ்டியுரெல்லா இறங்குகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் மட்டும் பெருகுகிற குளோஸ்ட்ரிடியம் மண்ணிலிருந்து ஏறுகிறது. தோலை அழுத்தினால் உள்ளே நொறுநொறு என்று சத்தம் கேட்டால் சதைக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. இன்னொரு பகல் காத்திருக்க நேரமில்லை.

"அன்டிபயோட்டிக் ஊசி இன்னும் நாலு போட்டால் கால் தப்பாதா?" என்று கேட்காத வீடு இல்லை. நியாயமான கேள்வி. ஆனால் ஊசியோ குளிசையோ, எந்த மருந்தும் புண்ணுக்குப் போகிற ஒரே தெரு இரத்தம். நாடி அடைபட்ட சதைக்குள் மருந்து ஒரு துளியும் இறங்காது. எலும்பு செத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிருமிகள் அதன்மேல் பசைபோன்ற படலமொன்றைக் கட்டி, அதற்குள் பதுங்கிக்கொள்ளும். உயிருள்ள எலும்பில் கிருமி இருந்தால் 6 முதல் 8 வாரம் வரை மருந்து கொடுத்துப் போராடலாம். செத்த எலும்பை எடுத்தால் ஒழிய ஆறாது. எலும்பில் வரும் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிய 10 முதல் 14 நாளாகும் என்பதால், முதல் வாரத்துப் படம் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கால் போவது துக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, கிருமியும் அதன் நச்சும் உடம்பெங்கும் பரவுவது. அப்போது இரத்தக் குழாய்கள் எங்கும் தளர்ந்து ஒழுகத் தொடங்கும், அழுத்தம் விழும், சிறுநீரகம், குடல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பட்டினி கிடக்கும். இதை வீட்டிலேயே பிடிக்கலாம். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ், அதாவது 100.4 முதல் 102.5 பாகை பரனைட். பரனைட்டில் 103.5க்கு மேல் போவதும் ஆபத்து, 100க்குக் கீழே இறங்குவது அதைவிட ஆபத்து. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் 2 செக்கனுக்குள் சிவக்க வேண்டும். முதற்கட்டத்தில் ஈறு செங்கல் நிறமாக இருக்கும், பிறகு சாம்பலாக வெளுக்கும். நித்திரையில் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால், கூப்பிட்டாலும் தலை தூக்காவிட்டால், அது இரவானாலும் போக வேண்டிய நேரம். அங்கே முதல் மணித்தியாலத்தில் நாளத்தில் சேலைனும் அன்டிபயோட்டிக்கும் ஏறுவதில்தான் உயிர் இருக்கிறது.

திருகோணமலையில் முதலுதவி கிடைத்தாலும், பெரிய சத்திரசிகிச்சைக்காகச் சிலர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை வரை போகிறார்கள். ஹபரணை, தம்புள்ள, மாத்தளை வழியாக நாலைந்து மணி நேரப் பயணம். நாயைப் பலகையில் அல்லது இறுக்கிப் பிடித்த பெட்சீற்றில் கிடத்துங்கள். புண்ணை ஈரச் சுத்தத் துணியால் மூடுங்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள், மயக்க மருந்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

புண்ணில் எதைப் போடுவது என்பதில் ஊரில் நிறையத் தவறு நடக்கிறது. கடலில் இறக்கினால் ஆறும் என்பார்கள். உடம்பின் திரவத்தில் உப்பு 0.9 சதவீதம், கடலில் 3.5 சதவீதம். நாலு மடங்கு உப்பு, ஆறத் தொடங்கிய கலங்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கொன்றுவிடும். போதாக்குறைக்கு வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளும் சேரும். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், கற்பூரம், டெட்டோல் எல்லாம் தோலைச் சுடும், நாய் நக்கும்போது உள்ளேயும் போகும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டின் நுரை பார்க்கத் திருப்தியாக இருக்கும். அது கிருமியோடு புதுச் சதையையும் தின்கிறது. வேண்டியது எளிமையானது: கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றரில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பு. ஊசியில்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் பீச்சிக் கழுவுங்கள். கிருமிநாசினி தேவையென்றால் 10 சதவீத பொவிடோன் அயடின் 10 மில்லிலீற்றரை அந்த உப்பு நீர் ஒரு லீற்றரில் கலக்கலாம்; நிறம் வெளிறிய பிளேன்டீ போல இருக்க வேண்டும். அதைவிடக் கடுமையாக்கினால் கூடுதலாக ஆறாது.

இலையான் புண்ணில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரிக்கும். அதனால் கழுவிய பின் மூடுவதும், நாயை நுளம்பு வலைக்குள் படுக்க வைப்பதும் மருந்துக்குச் சமம். புழுவை இடுக்கியால் எடுத்த பிறகும் குழிக்குள் மிச்சம் இருக்கும். அதற்கான குளிசையை நிறை பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும்.

நோவுக்கு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். புரூஃபனும் டைக்ளோஃபெனக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தை நிறுத்திவிடும். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கக்கூடியது. பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கும். இன்னொன்று: காயம் கடியால் வந்ததென்றால், கடித்த மிருகத்துக்கு விசர் இருந்திருக்கலாம். உங்கள் கையில் கீறலோ உமிழ்நீரோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செத்த காலை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன் எங்கள் பிரதேசத்தில் தவிர்க்கவே முடியாத ஒரு சோதனை உண்டு: இரத்தத்தை உறையவைக்கும் தட்டுக்களின் எண்ணிக்கை. இலங்கையில் உண்ணிக் காய்ச்சல் பரவலாக இருக்கிறது. அதை உண்டாக்கும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய இரண்டு கிருமிகளுமே தட்டுக்களைக் குறைக்கும். வெளியே சுகமாகத் தெரிகிற நாயும் கத்தி வைத்ததும் இரத்தம் உறையாமல் ஒழுகலாம். "உண்ணி இருந்தது, கழற்றிவிட்டோம்" என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாதம் மட்டும்தானே செத்தது, முழங்காலுக்குக் கீழே வெட்டினால் போதாதா என்று தோன்றும். அப்படி விட்ட கட்டையை நாய் நிலத்தில் ஊன்றப் பார்க்கும். மெல்லிய தோல் தேய்ந்து, எலும்பு முனை வெளியே வரும். அதனால் பின்கால் என்றால் தொடையெலும்பின் மேல் மூன்றிலொரு பகுதியில் வெட்டுவார்கள், அல்லது இடுப்பு மூட்டோடு எடுப்பார்கள். தசையை எலும்பைவிடக் கீழே வெட்டி, முனைமேல் மடித்து மெத்தைபோலத் தைப்பார்கள். முன்கால் என்றால் தோள்பட்டை எலும்பையும் சேர்த்து எடுப்பதே வழக்கம். அங்கே ஓர் ஆச்சரியம் இருக்கிறது: நாயின் முன்கால் உடம்போடு எந்த மூட்டாலும் இணைந்திருக்கவில்லை, தசைகள் மட்டுமே தொட்டில்போலத் தாங்குகின்றன. எனவே எலும்பை அறுக்க வேண்டிய வேலையே இல்லை. முதலில் நாடியை இரட்டைக் கட்டுப் போட்டு அறுப்பார்கள், நாளத்தை அதன் பிறகு. காலில் இருக்கிற இரத்தம் உடம்புக்குத் திரும்ப அந்த இடைவெளி உதவும். நரம்பை அறுக்கும் முன் அதைச் சுற்றி விறைப்பு மருந்து ஏற்றுவது மிக முக்கியம். மயக்கத்திலும் முள்ளந்தண்டு அந்த வெட்டைப் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவுதான் பின்னாளில் இல்லாத காலின் நோவாகத் திரும்புகிறது.

வீட்டுக்கு வந்த முதல் இரவு நாய் முனகும், மூச்சிரைக்கும், வெறித்துப் பார்க்கும். அதில் பாதி மயக்க மருந்தின் குழப்பம். கூடவே படுங்கள். முழுதாக விழித்த பின் வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் சிறுநீர் போக வேண்டும்; மலம் மூன்று நாலு நாள் தாமதமானாலும் பயமில்லை. நோவு மருந்தைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், நாய் அழுதால் கொடுப்போம் என்று இருக்க வேண்டாம். நாய்கள் நோவை மறைக்கும். மெலொக்சிகாம் என்ற நோவு மருந்து சாப்பாட்டோடுதான், நாய் சாப்பிடாமலோ வாந்தியெடுத்தோ இருந்தால் நிறுத்தி வைத்தியரைக் கேளுங்கள். கபபென்டின் என்ற மருந்து நரம்பு நோவுக்கு நல்லது, ஆனால் மனிதருக்கான சில பாணிகளில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கும். நாயின் இரத்தத்திலுள்ள சீனியை அது அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். குளிசையாகவே வாங்குங்கள்.

எழும்ப உதவுவதற்குப் பழைய சாரம் ஒன்று போதும். நாலாக மடித்து வயிற்றுக்கடியால் விட்டு, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே பிடியுங்கள். ஆண் நாய் என்றால் குறியை அழுத்தாமல் கொஞ்சம் முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டும். நடக்க வைப்பது உங்கள் வேலையில்லை. விழாமல் தாங்குவதே போதும். பெரும்பாலான நாய்கள் இரண்டு நாளுக்குள் தாமாக நிற்கின்றன. மாபிள் தரையும் மினுக்கிய சீமெந்தும்தான் உண்மையான எதிரி. ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் பிறகு எழும்பவே அஞ்சும். படுக்கையிலிருந்து வாசல்வரை சாக்கோ தும்புத் தடுக்கோ விரித்து ஒரு பாதை போடுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தையலின் கீழ்முனையில் மெத்தென்று ஒரு வீக்கம் வரலாம். வெட்டிய தசைகளுக்கிடையில் நிணநீர் தேங்குவதுதான் அது. சூடில்லை, சிவப்பில்லை, மணமில்லை என்றால் தொடாமல் விடுங்கள், உடம்பே உறிஞ்சிவிடும். ஊசியால் எடுக்கப் போய்க் கிருமியை உள்ளே விடாதீர்கள். தையலைப் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. கிடைக்காவிட்டால் அடி வெட்டிய வாளியும் உதவும். வெளியே போவது மலசலத்துக்கு மட்டும், ஐந்து நிமிடம், கயிற்றோடு. மான்கள் திரிகிற திருகோணமலைக் கோட்டைப் பக்கம் வசிப்பவர்கள் கயிற்றை இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டும்: மானைக் கண்டால் நாய் பாயும், தையல் பிரியும்.

புண் ஆறப் புரதம் வேண்டும். படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தியை நிறையை 30ஆல் பெருக்கி 70 கூட்டிக் கணக்கிடலாம். 15 கிலோ நாய்க்கு 520 கிலோகலோரி. ஒரு கப் சோறு, முள் எடுத்த அவித்த மீன் அல்லது கோழி 150 கிராம், ஒரு முட்டை சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். வெங்காயமும் உள்ளியும் கலந்த கறி வேண்டாம். அவை நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

பிறகு உடம்பு புதுக் கணக்குப் போடத் தொடங்கும். நாலு காலில் நிற்கும் நாயின் எடையில் 60 சதவீதம் முன்கால்களில். ஒரு முன்கால் போனால் மிச்ச முன்கால் எடையில் ஏறக்குறைய பாதியைச் சுமக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தலையை உயர்த்தித் தத்தும். பின்கால் போனால் மிச்சக்கால் உடம்பின் நடுக்கோட்டுக்கு நகரும், வால் துலாக்கோல் ஆகும், அது இலகு. அதிக நிறைதான் இனி மூட்டுகளுக்குப் பகை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவிலேயே நாயை வைத்திருங்கள். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள். நீண்ட நகம் வழுக்கும்.

தையல் பிரித்த பின் நடையை ஒவ்வொரு வாரமும் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ உலர்ந்த மணலில் விடாதீர்கள். கால் புதையும் மணலில் ஒவ்வொரு தத்தும் இரட்டை உழைப்பு. அலை வந்து திரும்புகிற இறுகிய ஈரமணல்தான் நல்லது. கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் காலை 7 மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மூன்று காலில் நடக்கும் நாய் சீக்கிரம் சூடேறும். வீடு திரும்பியதும் பாதங்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளில் தங்கூசித் துண்டு சிக்கியிருக்கிறதா என்று முடியை விலக்கிப் பாருங்கள்.